இரவு மாத்திரையும் இரண்டு பீரும்: இடைவெளி விட்டால் போதுமா?

கேள்வி இதுதான்: "ஒன்றரை வருஷமாக இரவில் ஓலான்சபின் என்ற மனநோய் மாத்திரை 10 மி.கி. எடுக்கிறேன். குரல் கேட்டது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம் எல்லாம் நின்று, வேலைக்குப் போய் வருகிறேன். நண்பர்களோடு சேர்ந்தால் இரண்டு பீர் குடிப்பேன். அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா? இல்லை, நாலு மணி நேரம் இடைவெளி விட்டுப் போட்டால் போதுமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விடாதீர்கள். நாலு மணி நேரக் கணக்கும் இந்த மருந்துக்குச் சரிப்படாது. குடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் என்றைக்காவது குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தக் குடியைவிட அதற்காக விடப்படும் மாத்திரைதான் பலரையும் மறுபடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "மாத்திரை போட்டால் குடிக்கக் கூடாது" என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு, "சரி, அப்போ இன்றைக்கு மாத்திரை வேண்டாம்" என்று தலைகீழாக முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

நான் மனநல மருந்துகள் கொடுக்கும் மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். இதை உங்களைப்போல நேராகக் கேட்பவர்கள் குறைவு. மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு அடி நகர்ந்து, திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், விசேஷம் ஏதாவது வந்தா இந்த மாத்திரையை..." என்று இழுப்பார்கள். என்ன விசேஷம் என்று எனக்கும் தெரியும். கூட அம்மாவோ மனைவியோ நின்றால் அந்தக் கேள்வியும் வராது. டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்ற பயம். அதனால் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

எப்படித் தப்பு என்று பார்க்கலாம். ரத்தத்தில் இருக்கும் ஓலான்சபின் பாதியாகக் குறையச் சராசரியாக 30 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு 20 சொச்சம், சிலருக்கு 50-க்கும் மேல். இதே வகையைச் சேர்ந்த அரிப்பிப்ரசோலுக்கு ஏறக்குறைய 75 மணி நேரம், அதாவது மூன்று நாள். தினமும் போட்டு வரும்போது மருந்து உடம்பில் ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறது. சனிக்கிழமை ராத்திரி ஒரு மாத்திரையை விட்டால், பீர் உள்ளே போகும் நேரத்தில் வெள்ளிக்கிழமை வரை போட்ட மருந்தில் பாதிக்கு மேல் ரத்தத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆக, மருந்தும் மதுவும் மோதுவதை நீங்கள் தவிர்க்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு உங்களைக் காக்கும் மருந்தின் மட்டத்தைத்தான் குறைத்திருக்கிறீர்கள். இடைவெளி விடுவதும் அதேதான், நாலு மணி நேரத்தில் இந்த மருந்து எங்கேயும் போய்விடாது. குவெட்டியபின் மாதிரிச் சிலது சீக்கிரம், 7 மணி நேர அளவில் பாதியாகும். அதற்காக அதற்கு மட்டும் இடைவெளி செல்லும் என்று நினைக்க வேண்டாம், அது தூக்கத்தை அள்ளிப் போடும் மருந்து, மீதி இருக்கும் பாதியே போதும். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கோ இந்தப் பேச்சே கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடும் ஊசியில் மருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். "ஊசிதானே, மாத்திரை இல்லையே, குடிக்கலாம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார்.

மதுவின் பக்கக் கணக்கையும் போட்டுவிடுவோம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் அதில் சுமார் 13 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் என்றால் 41 கிராம். "இரண்டு பீர்" என்று இரண்டு பேர் சொல்லும்போது ஒருவர் 26 கிராமையும் இன்னொருவர் 82 கிராமையும் சொல்லியிருக்கலாம். முன்னவருக்கு மூணு நாலு மணி நேரத்தில் இறங்கும், பின்னவருக்கு விடிந்த பிறகும் உடம்பில் இருக்கும், அந்த நிலையில்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். கேள்வியில் நீங்கள் பாட்டிலின் அளவைச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லும்போது மி.லி.யும் சதவீதமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், இரண்டும் உடம்பில் சந்தித்தால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் தெரிந்தது தூக்கம். இந்த மருந்துகளுக்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பதுதான் முக்கிய வேலை, ஆனால் பலதும் போகிற போக்கில், நம்மை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினையும் தடுக்கும். சளி மாத்திரை போட்டால் கண்ணைச் சொருகுகிறதே, அதே வழி. ஓலான்சபின், குவெட்டியபின், குளோசபின், பழைய குளோர்ப்ரோமசின் எல்லாம் இதில் பலமானவை. அரிப்பிப்ரசோல், அமிசல்பிரைடு ஓரளவு லேசு. மது வேறொரு வழியாக மூளையை மந்தமாக்குகிறது. வழக்கமாக நாலு பெக்கில் வரும் தள்ளாட்டம் ஒன்றிலோ இரண்டிலோ வந்துவிடும். "முன்னாடியெல்லாம் எவ்வளவு குடிச்சாலும் நிதானமா இருப்பேன்" என்பது மருந்துக்கு முந்தைய உடம்பின் அனுபவம், அதை இப்போது நம்பக்கூடாது.

வெறும் தூக்கமாக இருந்தால் தூங்கிவிட்டுப் போகட்டும் என்று விடலாம். தூக்கத்துக்குள் வாந்தி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. நல்ல நினைவில் இருக்கும் மனிதர் வாந்தி வந்தால் எழுந்துவிடுவார், இல்லையென்றால் இருமித் துப்புவார். இரண்டு மயக்கமும் சேர்ந்தவருக்கு அந்த அனிச்சை மங்கிப்போயிருக்கும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். குளோசபின் எடுப்பவர்களுக்கு ராத்திரியில் தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் வேறு ஊறும், அவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. மனநோய் மருந்து தனியாக மூச்சைப் பெரிதாக அடக்காது. ஆனால் கூடவே குளோனசெபாம், லோரசெபாம் மாதிரிப் பதற்ற மாத்திரை இருந்தால், இல்லை, முதுகு வலிக்கு என்று டிரமடால் போட்டிருந்தால், மதுவும் சேர்ந்து மூச்சு நிற்கும் வரை போகலாம். உங்கள் சீட்டில் ஓலான்சபின் மட்டும்தானா என்று பாருங்கள். பலருடைய சீட்டில் இரவு வரியில் இரண்டு மாத்திரை இருக்கும், கேட்டால் ஒன்றின் பெயரைத்தான் சொல்வார்கள்.

இரண்டாவது, ரத்த அழுத்தம். என் கணிப்பில் மக்கள் அதிகம் கண்டுகொள்ளாதது இதுதான். படுத்திருந்து எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கும், உடனே ரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளும். இந்த மருந்துகளில் பலது அந்த இறுக்கத்தைத் தடுக்கும். மது குழாய்களைத் தளர்த்தும், போதாததற்குச் சிறுநீரைக் கூட்டி உடம்பில் தண்ணீரையும் குறைக்கும். ஓலான்சபினின் மருந்துக் குறிப்பிலேயே, மது சேர்ந்தால் எழும்போது அழுத்தம் இறங்குவது கூடும் என்று தனியாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் இது எப்படி இருக்கும்? பத்து மணிக்குக் குடித்து, பதினொன்றுக்கு மாத்திரை போட்டுப் படுத்தவர், இரண்டு மணிக்கு மூத்திரம் முட்டி எழுகிறார். விளக்கு போடாமல் நேராக பாத்ரூமுக்கு நடக்கிறார். நாலாவது அடியில் கண் இருட்டுகிறது, கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் வாஷ்பேசின் விளிம்பில் நெற்றி மோதுகிறது. வீட்டார் சத்தம் கேட்டு ஓடிவந்து "போதையில விழுந்துட்டான்" என்கிறார்கள். போதையில் விழவில்லை, அழுத்தம் இறங்கி விழுந்தார், தலையில் அடிபட்டிருக்கிறது, ஆனால் எல்லோரும் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துப் போர்த்திவிடுவார்கள். தலையில் அடிபட்டவர் குடித்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயதானவர்களுக்கு இதுவே இடுப்பு எலும்பு முறிவாக முடியும். குடித்த ராத்திரியில் எழ வேண்டியிருந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறேன்.

வலிப்பு இன்னொன்று. இந்த வகை மருந்துகள், குறிப்பாகக் குளோசபின் அதிக டோஸில், வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தி வைக்கின்றன, அதாவது வலிப்பு எளிதில் வரும். மது இருக்கும்போது அல்ல, மது இறங்கும்போதுதான் வலிப்பு வரும், தினமும் நிறையக் குடித்துப் பழகியவருக்குக் கடைசிக் குடிக்கு அப்புறம் 6 முதல் 48 மணி நேரத்துக்குள். ஆக, வாரம் முழுதும் குடித்துவிட்டு ஞாயிறு அன்று நல்லபிள்ளையாக நிறுத்துகிறவருக்குத் திங்கள்கிழமை காலை வலிப்பு வரலாம்.

இதயத் துடிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் இது பிரச்சினை இல்லை. ஹாலோபெரிடால், அமிசல்பிரைடு, சிப்ராசிடோன் போன்றவை ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்கிற இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டலாம். நிறையக் குடித்து வாந்தி எடுத்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரக்கூடும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் நடந்தவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

எடையும் சர்க்கரையும் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓலான்சபின் பசியைக் கிளப்பும், எடை ஏற்றும், ரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் கூட்டும். மதுவில் கிராமுக்கு 7 கலோரி. இரண்டும் கல்லீரலில் கொழுப்பாகச் சேரும். குடிப்பவர் என்பதை மறைத்தால், கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் மருந்தைச் சந்தேகப்படுவார், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை மாற்றிவிடுவார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

இதெல்லாம் உடம்பு. நோய்க்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. குடித்தால் தூக்கம் வருகிறது என்பது உண்மை, ஆனால் ராத்திரியின் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாக உடையும். மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) இருமுனைக் கோளாறோ (பைபோலார்) உள்ளவருக்குத் தொடர்ந்து தூக்கம் கெடுவது நோய் திரும்பி வரும் வழிகளில் ஒன்று. மறுநாள் பதற்றம், எரிச்சல், "நேற்று நான் என்ன பேசினேன், அவர்கள் ஏன் அப்படிப் பார்த்தார்கள்" என்ற உறுத்தல். இது குடித்த பலருக்கும் வரும். ஏற்கெனவே சந்தேகம் ஒரு நோயாக இருந்து அடங்கிய மனதில் அந்த உறுத்தல் வேறு ரூபம் எடுக்கலாம். அதோடு ஒரு மாத்திரையும் விடுபட்டிருந்தால்? ஒரே ஒரு மாத்திரை விட்டதால் மறுநாளே குரல் கேட்கும் என்று பயமுறுத்தமாட்டேன், அது உண்மையில்லை. நடப்பது இப்படி: ஒருநாள் விடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் விடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. உடம்பு லேசாக இருக்கிறது, காலையில் சுறுசுறுப்பாக எழ முடிகிறது, மருந்து தேவையே இல்லை போலிருக்கிறதே என்ற எண்ணம் வருகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பும்போது, அதற்கும் அந்த முதல் பீருக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

விட்டுத் தொடர்வதில் குளோசபின் தனி ரகம். 48 மணி நேரத்துக்கு மேல் அதை விட்டுவிட்டால், பழைய டோஸை அப்படியே போடக்கூடாது. 12.5 மி.கி.யில் ஆரம்பித்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று நாள் குடித்துக்கொண்டு மருந்தை விட்டவர் "சரி, இன்றையிலிருந்து ஒழுங்காக இருப்போம்" என்று நல்லெண்ணத்தோடு 300 மி.கி.யை ஒரேயடியாக விழுங்கினால், அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், மூச்சும் இதயமும் நிற்கும் நிலைகூட வந்திருக்கிறது. குளோசபின் எடுப்பவர்கள் இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஏன் குடிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய மக்கள்தொகை ஆய்வு ஒன்றின் முடிவு 1990-இல் வெளியானது. அதில் மனச்சிதைவு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மதுப் பிரச்சினை இருந்தது தெரிந்தது. ஒழுக்கக் கேடு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. தனிமை, வேலையின்மை, நண்பர்களோடு "நானும் சாதாரண ஆள்தான்" என்று உட்கார ஓர் இடம் என்று பல காரணம். இதில் மருந்தே காரணமாகும் ஒன்று உண்டு, அது அக்கதீசியா. உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, உட்கார முடியாது, நிற்க முடியாது, கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும், வரிசையில் நிற்கும்போது காலை மாற்றி மாற்றி ஊன்றுவார்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் எடுப்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். இரண்டு பெக் போட்டால் அந்தப் பரபரப்பு கொஞ்ச நேரம் அடங்குகிற மாதிரி இருக்கும். அதனால் குடிக்கிறார், ஆனால் எதற்காகக் குடிக்கிறோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. இதற்கு மருந்து இருக்கிறது, டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், புரோப்ரனோலால் கொடுக்கலாம். "கால் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று ஒரு வரி டாக்டரிடம் சொன்னால் போதும். (புரோப்ரனோலாலும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, அதன் மேலும் குடித்தால் மேலே சொன்ன பாத்ரூம் கதைதான்.)

அரிப்பிப்ரசோல் பற்றி இன்னொரு துணுக்கு. சிலருக்கு அதில் சூதாட்டம், செலவு, சாப்பாடு போன்றவற்றில் கட்டுக்கடங்காத உந்துதல் வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. அபூர்வம்தான். ஆனால் உள்ள கொஞ்சம் தயக்கத்தையும் மது கழற்றிவிடும் என்பதால், ராத்திரி குடித்துவிட்டு போனில் பணம் வைத்து ஆடும் பழக்கம் புதிதாகத் தொற்றியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபமாகவே. குடியை நிறுத்துவதற்காக டைசல்பிராம் மாத்திரையை வாங்கி, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். அழுத்தத்தை ஏற்கெனவே குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அது உயிர்போகும் காரியம். அதற்கு மேல், டைசல்பிராம் டோபமைனைக் கூட்டி மனநோயையே தூண்டிவிடலாம். அதைவிட, "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு, அது உண்மை என்று ஒருநாள் தெரிந்தால் அப்புறம் அவர் எந்த மாத்திரையை, யார் கையால் வாங்கிப் போடுவார்? தயவுசெய்து செய்யாதீர்கள்.

கூட இருக்கும் மற்ற மருந்துகளையும் பார்க்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர் குடித்து, வாந்தி எடுத்து, தண்ணீர் குறைந்து போனால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம், கை நடுக்கம், தள்ளாட்டம், குழறல் எல்லாம் போதை மாதிரியே தெரியும். அதே கோளாறுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட்டுக்கும் மதுவுக்கும் கல்லீரல்தான் பொதுவான இலக்கு. சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்கள் அளவுக்கு மீறிக் குடிப்பது ஆபத்து. அப்புறம் சிகரெட். குடிக்கும்போது மட்டும் ஒரு பாக்கெட் ஊதுகிறவர்கள் நிறைய. புகையில் இருக்கும் பொருட்கள் (நிக்கோடின் இல்லை, புகைதான்) ஓலான்சபினையும் குளோசபினையும் கல்லீரல் சீக்கிரம் அழிக்கும்படி செய்யும். தினமும் நிறையப் புகைத்தவர் குடியையும் சிகரெட்டையும் ஒரே நாளில் விட்டால், அதே டோஸில் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், தூக்கமும் மயக்கமும் கூடும். விடுவது நல்லதுதான், டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடுங்கள்.

சரி, ஒரு துளிகூடக் கூடாதா என்று கேட்பீர்கள். சிலருக்குக் கூடவே கூடாது: நோய் புதிதாக வந்து, அல்லது திரும்பி வந்து, இன்னும் அடங்காதவர்கள். மருந்து ஆரம்பித்த முதல் வாரங்கள், டோஸ் மாற்றிய வாரங்கள். குளோசபின் எடுப்பவர்கள். பதற்ற மாத்திரையோ வலி மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள். வலிப்பு, கல்லீரல் கோளாறு, கர்ப்பம். குடிக்கு அடிமையாக இருந்து மீண்டவர்கள். முன்பு ஒவ்வொரு தடவையும் குடித்த பிறகுதான் நோய் வந்தது என்று தெரிந்தவர்கள். இதில் எதிலும் சேராதவர், நோய் அடங்கி நாளாகிவிட்டது, ஒரே மருந்து, குறைந்த டோஸ் என்றால், எப்போதாவது ஒரு சின்ன அளவுக்குச் சில டாக்டர்கள் சரி என்பார்கள். அது உங்களைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டியது. இப்படி எழுதும் நான் சொல்ல முடியாது.

இன்றைக்கு ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள், மாத்திரை நேரம் வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு சின்ன பீர், தெளிவாக இருக்கிறீர்கள் என்றால் வழக்கமான மாத்திரையை விடாமல் போடுவதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது, போட்டுவிட்டு மேற்கொண்டு குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அந்த நேரத்தில் தூக்கம் தரும் மாத்திரையை மேலே போடாதீர்கள். தெளிந்த பிறகு டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ போன் போட்டு, இப்போது போடலாமா, அடுத்த வேளையிலிருந்தா என்று கேளுங்கள். விட்டதற்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடவே கூடாது. இந்தச் சூழ்நிலைக்கான பதிலைத் தெளிவாக இருக்கும் ஒரு நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: உலுக்கினாலும் எழாமல் இருப்பது, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்கும் கீழே போவது, மூச்சுக்கும் மூச்சுக்கும் பத்து நொடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலமாவது, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸ்தான், "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடக்கூடாது. கடைசி மடக்குக்குப் பிறகும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கும், இப்போது இருப்பதைவிட இன்னும் அரை மணியில் மோசமாகலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள், எந்தெந்த மாத்திரை எடுக்கிறார் என்று அட்டையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சல் கொதித்து, உடம்பு கட்டை மாதிரி விறைத்து, மனசு குழம்பியிருந்தால் அது இந்த மருந்துகளால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான, ஆபத்தான பக்கவிளைவாக இருக்கலாம். அதையும் போதை என்று நினைத்துப் பொழுதைக் கழித்துவிடுவார்கள்.

தினமும் குடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். வலிப்பு பற்றி மேலே சொன்னேன். அதற்கு அப்புறம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடுமையான குழப்ப நிலை வரலாம். உடம்பு நடுங்கும், வியர்க்கும், இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரியும். மனநோய் உள்ளவருக்கு இது வந்தால், பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்து மனநோய் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அது உயிருக்கு ஆபத்து. கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் சொன்னால்தான் வித்தியாசம் பிடிபடும். ஆஸ்பத்திரியில் வைட்டமின் பி1 கொடுத்து, வேறு மருந்துகளின் துணையோடு பாதுகாப்பாக இறக்குவார்கள். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, மனநோய் மருந்தோடு சேர்த்தே இவற்றைக் கொடுக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தடவை போகும்போது, "மாதத்தில் இத்தனை நாள், இத்தனை மி.லி., இத்தனை சதவீதம், அந்த நாட்களில் மாத்திரையை விட்டிருக்கிறேன்" என்று இந்த நாலையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதைக் கேட்டு அதிர்ச்சியாகும் மனநல மருத்துவர் இருக்கமாட்டார், தினமும் கேட்கிறார்கள். ஒன்றரை வருஷமாக நன்றாக இருக்கிறீர்கள் என்றால் டோஸை மறுபரிசீலனை செய்யலாமா, எடை ஏற்றுவதும் தூக்கம் தருவதும் குறைவாக இருக்கும் மருந்துக்கு மாற முடியுமா, கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்பதையும் அதோடு கேட்டுவிடலாம். அதுவரை நண்பர்களோடு போங்கள், உட்காருங்கள், கையில் சோடா இருக்கட்டும். யாராவது துருவினால் "மருந்து எடுக்கிறேன், கல்லீரல் டெஸ்ட் இருக்கிறது" என்று சொன்னால் போதும், என்ன மருந்து என்று சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கமான நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுங்கள்.